காரணம் கேட்காத கடன்

ஜனவரி 12

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் இன்னும் என் பேச்சைக் கேட்கின்றன. உனக்கு இருமல் நின்றதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நீ நினைப்பாய். போன் இருக்கிறது. ஆனால் என்னிடம் இல்லை. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொன்னதும் நான்தான்.

நம் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, தேவைப்படுகிறவர்களுக்குக் கடன் கொடுக்கிறோம் இல்லையா, அந்தப் பணம் இத்தனை நாள் தையல்காரம்மாவின் பட்டன் டப்பாவில் இருந்தது. அங்கே இருப்பது ரகசியம். பட்டன் வாங்க வருகிற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சரி, வங்கியில் போடலாம் என்று என்னை அனுப்பினார்கள். வீட்டு எண் என்ன என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் சாக்பீஸால் எழுதிய எண் எந்த மழையில் போனது என்று எனக்கே தெரியாது. குழுவுக்குக் கணக்கு வேண்டுமென்றால் பதிவு வேண்டும், பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும், அந்தச் சான்றுக்கு வங்கிக் கணக்குப் புத்தகம் இருந்தால் நல்லது என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அப்புறம் ரீசார்ஜ் கடைக்காரர்தான் போன் பணத்தைப் பற்றிச் சொன்னார். காசை அவர் கையில் கொடுத்தால் அது நம் எண்ணில் ஏறிவிடும். வேண்டும்போது அவரிடமே எடுக்கலாம், இன்னொரு எண்ணுக்கும் அனுப்பலாம். காய்கறிக்காரம்மா முன்பெல்லாம் விடியற்காலை பஸ்ஸில் இடுப்பில் பணத்தை முடிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்கிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே சந்தைக்குப் போவார். இப்போது போனிலேயே அனுப்பிவிட்டுத் தூங்கிக்கொண்டு போகிறார். வங்கி வாசலை மிதிக்காதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எண் யார் பெயரில் வாங்குவது என்று வந்தபோது எங்கள் யாருடைய அடையாள அட்டையும் ஒழுங்காக இல்லை. என் அட்டையில் என் அப்பா பெயர் எனக்கும், என் பெயர் அவருக்கும் இருக்கிறது. நீ வேலைக்காக வெளியூர் போகும்போது என்னிடம் விட்டுப்போன பழைய சிம் உன் பெயரில் இருக்கிறதே, அதையே போட்டுவிட்டோம். பரவாயில்லையா என்று மரியாதைக்குக் கேட்கிறேன். ஏற்கெனவே போட்டாயிற்று.

தகரப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தையல்காரம்மாவிடம், இன்னொன்று முடிதிருத்துகிற தம்பியிடம். ரகசிய எண் என் மண்டையில். ஆக, மூன்று பேர் சேர்ந்தால்தான் திருட முடியும். நம் தெருவில் மூன்று பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பணம் பத்திரம். சார்ஜ் வயருக்காகப் பெட்டியில் ஓட்டை போட்டது நான். ஸ்டவ், குக்கர் ரிப்பேரில் மூடிக்கு ஓட்டை போட்டுப் பழகிய கை.

ஏப்ரலில் தையல்காரம்மாவின் முறை. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார். அது வந்தால் பள்ளிச் சீருடை வேலை மொத்தமாகக் கிடைக்குமாம்.

தலைக்கு எண்ணெய் வை. இருமல் பற்றி எழுது.

அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா, அல்லது கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பு ரிப்பேர் செய்கிறீர்களா?

சிம் விஷயம் பரவாயில்லை. எனக்கும் போனோடு பேச்சு குறைவுதான். கிடங்கு வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஒட்டுகிறவர்கள் போனைப் பார்த்தால் சோப்புப் பெட்டி பிஸ்கட்டாகிவிடும் என்று மேற்பார்வையாளர் பயப்படுகிறார். விடுதி அறையில் ஆறு பேர். போன் பேசினால் ஆறு பேரும் கேட்பார்கள். உங்கள் கடிதத்தை நான் மட்டும்தான் படிக்கிறேன்.

குழுவில் கடன் எப்படிக் கொடுக்கிறீர்கள்? ஏதாவது கேட்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மாவைப் பற்றி அவள் வீட்டுப் பக்கத்திலிருந்து யாராவது ஏதாவது சொன்னார்களா?

வேளைக்குச் சாப்பிடுங்கள். தையல்கார அத்தைக்கு மிஷின் வந்ததும் எழுதுங்கள்.

மகள்


பிப்ரவரி 20

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். ஒத்தடம் கொடுத்தேன். கொடுத்த வெந்நீர்ப் பை ஒழுகியது, அதையும் ரிப்பேர் செய்தேன். நீ ஆறு பேரில் ஜன்னல் ஓரத்தில் படுக்கிறாயா? காற்று நல்லது, காதில் துணி கட்டிக்கொள்.

கடன் எப்படி என்று கேட்டாய். எங்களிடம் அடமானம் கிடையாது, கையெழுத்து கிடையாது. தையல்காரம்மாவின் முக்காலி இருக்கிறது. கடன் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்து எதற்கு என்று வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்ட பிறகு கை தூக்குவோம். கேட்டதை வெளியே பேசக் கூடாது. காரணம் சொல்லாதவர்களுக்குப் பணம் இல்லை. இது ஒன்றுதான் எங்கள் சட்டம்.

போன மாதம் தள்ளுவண்டிக்காரர் உட்கார்ந்தார். வாய் மூடாதவர் என்பதால் ரேடியோ என்று கூப்பிடுகிறோமே, அவர்தான். வண்டிச் சக்கரம் மாற்ற வேண்டும் என்றார். காய்கறிக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு, முன்பல் இரண்டு போனதிலிருந்து யாரைப் பார்த்தும் சிரிக்க முடியவில்லை, பல் கட்ட வேண்டும் என்றார். எல்லாக் கையும் ஒன்றாக மேலே போனது. வெளியே சொல்லக் கூடாதுதான், ஆனால் பல்லை அவரே தெருவுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். பல் வந்ததிலிருந்து பேச்சு இன்னும் கூடிவிட்டது. குழு செய்த ஒரே தவறு அது.

வேறென்ன. ஒரு ஹோட்டல்காரர் பன்னிரண்டு லிட்டர் குக்கர் கொண்டுவந்தார். விசில் வரவில்லை என்றார். திறந்தால் உள்ளே அவருடைய கைக்கடிகாரம் இருந்தது. அதுவும் ஓடவில்லை.

காகிதம் தீர்ந்துவிட்டது. நிறுத்திக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலமாக இருக்கிறேன். உங்களுக்கு முழங்கால் எப்படி?

காகிதம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. சரி அப்பா, இனி கேட்கவில்லை.

இங்கே கொஞ்ச நாள் விடுப்பில் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேறு வேலை. இந்த மாதம் பணம் அனுப்ப முடியவில்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். சின்னக் கடிதத்துக்கு மன்னியுங்கள். தூக்கம் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


ஏப்ரல் 7

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். பணம் அனுப்பாததைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்கு எப்படி இருக்கிறது? தூக்கம் வந்தால் தூங்கு. கடிதத்துக்குள்ளேயே தூங்கினால்கூட நான் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், அது எனக்கு வராது என்றாலும்.

யாராவது பணம் கட்டினால் பெட்டிக்குள் இருந்து போன் ஒரு மணி அடிக்கும். தையல்காரம்மா மிஷினை மிதித்துக்கொண்டே, "யாரோ கட்டிட்டாங்க" என்பார். போன வாரம் நடுவில் ஒரு நாள் அப்படி அடித்தது. வழக்கம்போலச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பணம் எடுத்துக் கொடுப்பதற்காகப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு பூட்டும் பூட்டியபடி இருந்தன. போன் வைத்தது வைத்தபடி இருந்தது. அதில் பணம் பாதிகூட இல்லை. அன்று அடித்த மணி வந்ததற்கு இல்லை, போனதற்கு.

பன்னிரண்டு பேரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். முடிதிருத்துகிற தம்பி பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். போன் பணம் அப்படிக் கொட்டாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக என்னைப் பார்த்தார்கள். ரகசிய எண் என் மண்டையில்தானே இருக்கிறது. கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவமாகப் பார்த்தார்கள்.

போனை எடுத்துக்கொண்டு ரீசார்ஜ் கடைக்கு நான் மட்டும் போனேன். அவர் ஏதேதோ அழுத்திப் பார்த்துவிட்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணே, இதை யாரும் திருடலை. போன்லயே கடன் கொடுக்கிற கம்பெனி இருக்குல்ல, அவங்க எடுத்திருக்காங்க. சிம் யார் பேர்ல இருக்கோ அவங்க வேற எண்ல கடன் வாங்கி, தேதி தவறிப்போனா, அதே பேர்ல எங்க பணம் இருந்தாலும் பிடிச்சுக்குவாங்க."

பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டோம். பெயருக்குப் பூட்டு போட வேண்டும் என்று எங்கள் பன்னிரண்டு மண்டையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

உன் பெயரில் இன்னொரு பெண் இருப்பாள். கம்பெனிக்காரன் ஆள் மாறிப் பிடித்திருப்பான். அப்படித்தானே? ஒரு வரி எழுது. தையல்காரம்மாவின் மிஷினுக்கு இந்த மாதக் கடைசிவரைதான் கெடு.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ள மகளுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரரைத் தினமும் மறித்து நிறுத்துவதால் அவர் இப்போது அடுத்த தெரு வழியாகப் போகிறார். நீ நலமா என்பதை மட்டுமாவது எழுது.

மிஷின் போய்விட்டது. வேறு யாரோ முழுப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார்களாம். மறுநாள் காலையில் தையல்காரம்மா தன் ஸ்டவ்வைக் கொண்டுவந்து, பர்னர் சரியாக எரியவில்லை, பார்த்துக் கொடுங்கள் என்றார். சரியாகத்தான் எரிந்தது. எனக்கு ஒரு வேலை கொடுத்துப் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார் என்று புரிந்தது.

ரீசார்ஜ் கடைக்காரர் சொன்னதை நான் குழுவிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை நானே முக்காலியில் உட்கார்ந்தேன். பணத்தை நான்தான் எடுத்தேன் என்றேன்.

எதற்கு என்று கேட்டார்கள். அதை யோசித்துக்கொண்டு போகவில்லை. சீட்டாட்டத்தில் விட்டுவிட்டேன் என்றேன்.

முதலில் சிரித்தது காய்கறிக்காரம்மா. முடிதிருத்துகிற தம்பி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க சீட்டாடினா கையில இருக்கிற சீட்டைப் பக்கத்துல இருக்கிறவருக்கே காட்டி இது நல்ல சீட்டான்னு கேப்பீங்க. அதை விடுங்க. பெட்டியைத் திறக்க என் சாவி வேணும், அக்கா சாவி வேணும். எங்களை எப்பக் கூப்பிட்டீங்க?"

அதுவும் நான் யோசிக்காத விஷயம். இரண்டு பூட்டு போடச் சொன்ன புத்திசாலியை அந்தப் பூட்டுகளே காட்டிக்கொடுத்துவிட்டன. ஒரு திருட்டைக்கூட உருப்படியாக ஒப்புக்கொள்ளத் தெரியாதவனை நீ அப்பா என்று கூப்பிடுகிறாய்.

பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். சிம் யார் பெயர், கடன் யார் பெயர், எல்லாம். என் கையில் கொடுத்த பணத்தை என் வீட்டுப் பெயர் கொண்டுபோய்விட்டது. இதற்கு மேல் குழுவில் நான் யார்? விலகிக்கொள்கிறேன் என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. தையல்காரம்மாதான் பேசினார்:

"பொண்ணு தெரிஞ்சு எடுத்திருக்காது. ஆனா எங்க பணம் அவ கடனுக்குப் போயிருக்கு. அப்ப அவ எங்ககிட்ட வாங்கினதாத்தான் கணக்கு. வாங்கினவங்க எதுக்குன்னு சொல்லணும். அவ்வளவுதாண்ணே, வேற ஒண்ணும் வேண்டாம்."

அதனால் எழுதுகிறேன். நான் கேட்கவில்லை, குழு கேட்கிறது. சொன்னால் அது மாதாமாதம் கட்டுகிற கடன். சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

உடம்பு சரியில்லையா? சரியில்லையென்றால் பஸ் ஏறி வந்துவிடு.

அப்பா


மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டுக்கும் பலமுறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆள் மாறவில்லை. கடன் நான் வாங்கியதுதான். அது குழுவின் பணத்தில் கை வைக்கும் என்று எனக்குத் தெரியாது. கட்டங்கட்டமாக வந்ததையெல்லாம் சம்மதம் சம்மதம் என்று தொட்டேன். அதில் ஒன்றில் அது எழுதியிருந்திருக்கிறது. முழுவதையும் கட்டிவிடுவேன்.

எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன் அப்பா. தப்பான காரணம் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்ல முடியாத காரணம். குழுவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி அத்தை பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் படிக்கும்போது நீங்கள் வெளியே இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

எனக்காக நீங்கள் சீட்டாடியிருக்க வேண்டாம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


மே 18

அத்தைக்கும், முடிதிருத்தும் மாமாவுக்கும், குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா அறையில் இருந்தால் தயவுசெய்து இதோடு நிறுத்துங்கள்.

முக்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பணம் என் அம்மாவின் ஆபரேஷனுக்கு.

அம்மா எங்களை விட்டுப் போன பிறகு எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஜனவரியில், எங்கள் விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கேன்டீன் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினேன். அப்போதே அவளுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

கிடங்கில் முன்பணம் கேட்டேன். யாருக்கு என்ன என்று காகிதம் கேட்டார்கள். அறையில் இருப்பவர்களிடம் கேட்டேன். அம்மா இல்லை என்றுதானே சொல்லியிருந்தாய் என்றார்கள். போன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் அதனிடம் போனேன். பிறகு சம்பளமில்லாத விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். தேதி தவறிப்போனது அப்படித்தான்.

அப்பாவிடம் எந்த விஷயத்தையும் பேசலாம். எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவார். இந்த ஒன்றுக்கு மட்டும் சிரிக்க மாட்டார். அம்மா போன அன்று, அவள் பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்காதே என்றார். ஒரே ஒருமுறை கடிதத்தில் கேட்டுப் பார்த்தேன். அவருக்குக் காகிதம் தீர்ந்துவிட்டது.

அத்தை, உங்கள் மிஷின் என்னால் போனது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களும் அம்மாவும் எவ்வளவு சிநேகிதம் என்று எனக்குத் தெரியும். அம்மா இப்போது எழுந்து நடக்கிறாள். மருந்துச் செலவு இன்னும் சில மாதம் இருக்கிறது. உங்களை விசாரித்தாள். வேறு யாரையும் பெயர் சொல்லி விசாரிக்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். யாருடைய முழங்கால் என்று சொல்லவில்லை.

நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சம்மதம். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஜூன் 3

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைத் தெருவில் பதினொரு பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்கக் கூடாது என்பதால் உன்னையே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி வெளியே போனேன். தையல்காரம்மாவின் ஸ்டவ்வை வாசலில் வைத்து, கழற்ற வேண்டியதில்லாத திருகுகளையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முடிதிருத்துகிற தம்பி படிக்கும் சத்தம் மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கேட்காத தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நடுவில் சத்தம் நின்றது. பிறகு தையல்காரம்மா மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. தம்பியால் ஏன் தொடர முடியவில்லை என்று தெரியவில்லை. கண்ணில் முடி விழுந்திருக்கும்.

தையல்காரம்மா கடிதத்தோடு வெளியே வந்து ஸ்டவ்வைப் பற்றவைக்கச் சொன்னார். பற்றவைத்தேன். கடிதத்தை அதில் காட்டினார். அது முழுக்க எரிகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லா எரியுதுண்ணே," என்றார்.

"காரணம் எப்படி?" என்றேன். கேட்கக் கூடாதுதான். வாய் வந்துவிட்டது.

"சரியான காரணம். பல்லை விடச் சரியான காரணம்."

பதினொரு கையும் மேலே போனதாம். இரண்டு கையைத் தூக்கிய ரேடியோவை ஒன்றை இறக்கச் சொன்னார்களாம். இதை அவரே வந்து சொன்னார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு ஒரு விஷயத்தை வைத்திருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

முடிவைக் கேள். கடன் உன் பெயரில் எழுதப்பட்டது, மாதாமாதம் கட்டலாம். நீ இனி குழுவில் பதின்மூன்றாவது ஆள். தையல்காரம்மாவுக்கு வேறு மிஷின் பார்க்கிறோம். சீருடை வேலை இந்த வருஷம் போனது போனதுதான். அதை அவர் சொல்லிக்காட்டுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

இன்னொரு முடிவு. செலவு இன்னும் பாக்கி இருக்கிறதாம், அதற்காக உனக்கு மேலும் கொஞ்சம் அனுப்ப வேண்டுமாம். எவ்வளவு என்று சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து போனை என் கையில் கொடுத்தார்கள். எண்ணைப் போட்டு அனுப்பினேன். பொருளாளராக நான் செய்த கடைசி வேலை அதுதான். இனி மூன்று பேர் அட்டையைச் சரிசெய்து, மூன்று பேரும் தனித்தனியாக அழுத்தினால்தான் பணம் நகர்கிற மாதிரி குழுக் கணக்கு ஒன்று போனிலேயே இருக்கிறதாம், அதற்கு மாறுகிறோம். அந்த மூன்றில் நான் இல்லை. என் அட்டையில் நான் இன்னும் என் அப்பாவாகவே இருக்கிறேன். பதவி போனதில் வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

பணம் வந்து சேர்ந்ததா? உன் உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. இது ஒன்றை மட்டும் சொல்.

அப்பா


ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தானே? பணம் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். அத்தைக்குத் தனியாக எழுதுகிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்தது வேறு ஒருவருக்கு. இப்போது தேறி வருகிறார்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் மருந்து வாங்கினேன். யார் என்று நீங்கள் கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டால் சொல்லவில்லை.

பத்திரமாக இருங்கள்.

மகள்


ஜூலை 2

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். உனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிய வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

புதுக் கணக்கு வந்துவிட்டது. தையல்காரம்மா, முடிதிருத்துகிற தம்பி, ரேடியோ மூன்று பேரும் அழுத்த வேண்டும். முதல் நாளே ரேடியோ பேச்சு சுவாரசியத்தில் தப்பான எண்ணை அழுத்தி எல்லோரையும் அரைமணி நேரம் நிற்க வைத்தார். பழைய பொருளாளர் எவ்வளவு திறமைசாலி என்று அப்போதாவது யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. உன் முதல் தவணை வந்தது. பெட்டி மணி அடித்தபோது தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மழை ஆரம்பித்துவிட்டது. ஈரமான திரியோடு ஸ்டவ்கள் வரிசையாக வருகின்றன, வேலைக்குக் குறைவில்லை.

கேட்டால் சொல்கிறேன் என்று நீ எழுதியதை நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று. சில பேர் மாத்திரையைக் கையில் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, விழுங்கிவிட்டேன் என்று சொல்லுவார்கள். கசப்பு பிடிக்காது, அதற்காக. கேட்டால் கோபம் வேறு வரும். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுகிறவரை, தண்ணீரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில். திட்டினாலும் நகராதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா